முறைப்படி ஒரு அட்மிஷன்

"இது இந்தியில இருக்கே?" என்று மாற்றுச் சான்றிதழைத் தலைகீழாகவும் ஒரு தடவை பார்த்தார் கிளார்க் பழனிவேல்.

ஹவில்தார் ராஜவேல் விறைப்பாக நின்றான். "பதான்கோட் ஸ்கூல்ல குடுத்தது சார். நான் படிச்சிச் சொல்றேன்."

"உங்க பொண்ணு சர்டிபிகேட்ட நீங்களே படிச்சி நீங்களே சொன்னா எப்புடிங்க? மொழிபெயர்ப்பு எடுத்தாங்க. பொண்ணையும் தெனமும் கூட்டியாங்க. எப்ப நேர்ல கேப்பேன்னு சொல்ல முடியாது."

அன்று திங்கள். சனிக்கிழமை லீவு முடிந்து அவன் வண்டியேற வேண்டும். இந்தத் தடவை போஸ்டிங் பனிமலையில். குடும்பத்துக்கு அங்கே இடமில்லை. மனைவி வெண்மதியையும் மகள் தீபிகாவையும் சிதம்பரத்தில், அண்ணாமலை நகர் வாடகை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறான். போன மாற்றலில் காகிதம் இழுத்தடித்ததில் பிள்ளை இரண்டு மாதம் வீட்டிலேயே கிடந்தது. பிறகு வகுப்பில் ஒன்றும் புரியாமல் தினமும் அழுதது. பெண்ணைச் சேர்க்காமல் ரயில் ஏறுவதில்லை என்று முடிவே கட்டியிருந்தான்.

தலைமையாசிரியை பிரிசில்லாவின் அறை பக்கத்திலேயே இருந்தது. கதவும் திறந்தேதான் கிடந்தது. எட்டிப் பார்த்து ஒரு வணக்கம் வைத்திருந்தால் போதும். ஆனால் பதினாறு வருஷம் பட்டாளத்தில் இருந்தவன் ஒருவரைத் தாண்டி மேலே போவானா? அந்தப் பாவம் அவனுக்கு வேண்டாம்!

வராந்தா பெஞ்சில் தீபிகாவை உட்கார வைத்தான். "அப்பா வர்ற வரைக்கும் எடத்த விட்டு நகரக் கூடாது."

"சரிப்பா" என்றது ஆறாவது பள்ளிக்கூடத்தைப் பார்க்கும் அந்தப் பத்து வயது. வாட்ச்மேன் காத்தவராயனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடினான்.

இந்தி டியூஷன் வாத்தியார் ஒருவர் அகப்பட்டார். மனுஷன் உட்கார்ந்து ரசித்து ரசித்து எழுதியதில் ஒரு பக்கச் சான்றிதழ் மூன்று பக்கமானது. ராஜவேல் அதை நாலு பிரதி எடுத்து, ஃபைலில் கோத்து, செவ்வாய்க்கிழமை நீட்டினான்.

"நல்லாத்தான் எழுதியிருக்காரு. ஆனா இது சரின்னு யார் சொல்றது? கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வேணுமே" என்றார் பழனிவேல்.

ராஜவேல் யூனிட்டுக்குப் போன் போட்டான். பட்டாளத்து வேகமல்லவா! மேஜர் கையெழுத்தும் சீலுமாக ஒரு மணி நேரத்தில் மெயிலில் வந்து விழுந்தது. புதன்கிழமை அதையும் நாலு பிரதி.

பழனிவேல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இந்த சீலும் இந்தியிலதான இருக்கு?"

அப்படியே சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது ராஜவேலுக்கு. சாயங்காலம் பெஞ்சுக்குப் போனான். பை மடியில் இருக்க, சொன்ன இடத்தில் சொன்னபடி உட்கார்ந்திருந்தாள் மகள்.

"போரடிச்சிதாம்மா?"

"இல்லப்பா."

எவ்வளவு பொறுமை!

அன்றைக்கு வீட்டுக்கு வந்த கூட்டாளி சார்லஸ் சிரித்தான். "இதுக்கா மச்சான் இவ்ளோ அலையிற? கடலூர்ல எனக்குத் தெரிஞ்ச மாட்டு டாக்டர் இருக்காரு. அவரும் கெஜட்டட் ஆபீசருதான்."

மகளைப் பெஞ்சில் விட்டுவிட்டுக் கிளம்பியதில் வியாழக்கிழமை முழுக்க கடலூரில் போனது. மூன்று கறவை மாடு, ஒரு வெள்ளாடு, அதற்குப் பின்னால் ராஜவேல். முறை வந்ததும் டாக்டர் நிமிராமலே, "ஊசியெல்லாம் போட்டாச்சா?" என்றார்.

"எல்லாம் போட்டாச்சு சார். பள்ளிக்கூடத்துலதான் இன்னும் சேக்கல."

டாக்டர் அப்போதுதான் நிமிர்ந்தார். சிரித்துக்கொண்டே மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை பழனிவேல் அந்த சீலைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து இன்னொரு தடவை படித்தார்.

"என்னங்க, பொண்ணு சர்டிபிகேட்டுல மாட்டு டாக்டரா?"

"அவரு கெஜட்டட் ஆபீசருங்க சார்!"

"அது வாஸ்தவந்தான். ஆனா என் தலையில கட்டாதீங்க. எச்.எம். டீச்சரே பாத்துச் சொல்லட்டும்" என்று ஃபைலைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். மேலிடத்துக்கு முறைப்படி போகிறதே என்று ராஜவேலும் நிம்மதியாகப் பின்னால் போனான்.

பிரிசில்லா டீச்சர் ஃபைலைப் புரட்டிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏங்க, மொத நாளே எங்கிட்ட வரக் கூடாதா? காயிதமெல்லாம் அப்பறமா வாங்கிக்கலாம், பொண்ணு உக்காரட்டும்னு சொல்லியிருப்பேனே! அநியாயமா அஞ்சு நாள் படிப்புப் போச்சே."

கையெழுத்து விழுந்தது. ராஜவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. சல்யூட் அடிக்காத குறை.

"போயி பொண்ணக் கூட்டியாங்க. நானே கிளாஸ்ல கொண்டுபோய் விடறேன்."

வெளியே ஓடினான். பெஞ்சு காலி.

வாசலில் காத்தவராயனைக் காணோம். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இல்லை. மரத்தடியில் இல்லை. இடத்தை விட்டு நகராத பிள்ளையாயிற்றே! ஊர் புதுசு, தெரு புதுசு. சத்துணவுக் கூடத்தில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த சின்னம்மாளிடம் போய் மூச்சிரைக்க நின்றான்.

"யம்மா, எம்பொண்ணு தீபிகா... அஞ்சு நாளா அந்த பெஞ்சுல உக்காந்திருந்தது... பாத்தீங்களா?"

சின்னம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெஞ்சுலயா? திங்கக்கெழமலேந்து அஞ்சாங் கிளாஸ்லதான உக்காந்திருக்கு. காத்தவராயன்தான் கொண்டுபோய் உட்டாரு, சாயங்காலம் நீங்க வர்ற நேரத்துக்கு மட்டும் பெஞ்சுக்கு வந்துடும். நேத்து லீடராவே ஆயிட்டாங்க. பேசற புள்ளைங்க பேர போர்டுல எழுதிக்கிட்டு நிக்கிறாங்க, சத்தம் போடாம போங்க, ஒங்க பேரயும் எழுதிடப் போறாங்க!"