சும்மா இருந்த தம்பிக்கு

என்னைக் கண்டால் பின்வாசலைத் தேடும் அருமைத் தம்பிக்கு,

மாடி அலுவலகத்தில் டைப் அடிக்கும் உன் அக்கா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கு நான் நலம். நீயும் உன் வாயும் நலமா? வாய் மூன்று நாளாகத் திறக்கவில்லை என்பதால் விசாரிக்கிறேன். மாடிக்கும் உன் ஸ்டோருக்கும் பதினெட்டுப் படிதான், அதற்கு ஒரு கடிதமா என்று கேட்காதே. நான் படி இறங்கும் சத்தம் கேட்டாலே நீ மாயமாகிவிடுகிறாய்.

திங்கட்கிழமை நடந்த விசாரணைக் கூத்தைச் சொல்கிறேன், கேள். நம் மருந்துக் கம்பெனியில் மாத்திரை அட்டை அடுக்கும் அந்தப் பெண், மேனேஜர் தன்னிடம் தப்பாக நடந்தார் என்று புகார் கொடுத்தாள் அல்லவா, அதை விசாரிக்க ஐந்து பேர், ஐந்தும் ஆம்பிளை, ஆறாவது நான், ஆனால் எழுதுவதற்கு மட்டும், பேசுவதற்கு இல்லையாம். மேனேஜர் வந்து உட்கார்ந்தார். "சும்மா முதுகுல தட்டிக்கொடுத்தேங்க, நல்லா வேலை செய்யுதேன்னு" என்றார். முதுகு எப்போது இடுப்புவரை இறங்கியது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. "சும்மா ஒரு ஜோக் சொன்னேன்", "சும்மா வீடுவரைக்கும் பின்னாலே போனேன், பாதுகாப்புக்கு" என்று அவர் அடுக்க அடுக்க, குழுத் தலைவர் "அட, சும்மாதானே!" என்று தலையாட்ட, நான் அடித்த இரண்டு பக்கத்தில் இருபத்து மூன்று சும்மா. அப்புறம் ஐந்து பேரும் நெஞ்சிலே கையை வெச்சு, "நாங்களும் அக்கா தங்கச்சியோட பொறந்தவங்கதான்"னு ஆரம்பிச்சாங்க. நீயுந்தான் பொறந்தே, கூடப் பொறந்து நான் என்னத்தைக் கண்டேன்?

பொம்பளைங்க பாதுகாப்புக்கு விசில் வாங்கிட்டாங்கடா! ஆளுக்கொண்ணு. தொலைஞ்சு போயிடுமாம், அதனால மேனேஜர் டிராயர்லயே வெச்சுப் பூட்டியாச்சு. ஆபத்துன்னா அவர்கிட்டயே கையெழுத்துப் போட்டு வாங்கி ஊதணும். ஸ்டோருக்கு ரெண்டு ரெண்டு பேரா போகணுமாம். உன் ரேக்குங்களுக்கு நடுவுல ஒரு ஆளே மூச்சை இழுத்துப் பிடிச்சுத்தான் போக முடியும். ஆம்பிளைங்களுக்கு என்ன விதின்னு கேட்டேன். 'ஒன்றுமில்லை'ன்னு அடிக்கச் சொன்னாங்க, அடிச்சேன். கடைசியில அந்தப் பொண்ணு, "ஸ்டோர் அண்ணன் பக்கத்துலதான் நின்னாரு, எல்லாத்தையும் பாத்தாரு"ன்னு அழுதுச்சு. சாட்சி வரலைன்னா பொய்ப் புகார்னு நாளையோட அவளை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஓடி வந்து உன்கிட்ட கேட்டேன். நீ என்ன சொன்னே? "நான் சும்மா இருந்தேங்க்கா." இருபத்து நாலாவது சும்மா. மத்த இருபத்து மூணையும் விட இதுதான்டா எனக்கு வலிச்சுது. அந்தாளு கைக்குத் தைரியம் கொடுத்ததே இதுதான்.

போகட்டும். மேனேஜர் முறைப்பார், உன் வேலைக்கும் உலை வைப்பார், பாவம் நீ. சாட்சி சொல்ல வா என்று உன்னை நான் ஒருநாளும் வற்புறுத்த மாட்டேன். நீ சும்மாவே இரு. உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். நூறாண்டு வாயோடு வாழ்க.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்தவள்

பி.கு.: கடைசிப் பத்தியை நம்பாதே. சாட்சிப் பட்டியலை டைப் அடிப்பவளும் நான்தான். முதல் பெயர் உன்னுடையது. தலைவர் வழக்கம்போலப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். நாளை காலை பத்து மணிக்கு மேலே வா, கண்ணால் கண்டதைச் சொல். பின்வாசலில் உன் பெண்டாட்டி நிற்பாள், இந்தக் கடிதத்தின் நகல் அவளிடமும் இருக்கிறது. நாளைக்கும் சும்மா இருந்தாயோ, தம்பி, நான் சும்மா விடமாட்டேன்.