மூலைப்பள்ளமும் பத்துக்கு ஒரு சிலாகையும்

எந்தக் காரியத்துக்கும் ஒரு முறை உண்டு என்று முப்பத்துநான்கு வருடம் நம்பினேன். ஓய்வுபெற்ற பிறகும் நம்பியதுதான் பிழை.

அரச அலுவலகம் ஒன்றில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்தவன் நான். கதிரை வந்து இறங்கினாலும் காகிதக்கட்டு வந்து இறங்கினாலும் பத்துக்கு ஒன்றை எடுத்துச் சோதிப்பேன். சரியாக இருந்தால் கையெழுத்து வைப்பேன். வைத்தபின் அதைப்பற்றி யோசிக்கமாட்டேன். (இந்தக் கடைசி வேலையில் எனக்குத் தனித்திறமை இருந்தது.)

எனக்கு இடமாற்றம் கிடைத்த ஊர்களிலெல்லாம், வாடகை வீடுகளின் ஒழுகும் குசினிகளில் என் மனைவி பவளம் சமைத்தாள். ஒரு மாரியில், ஒரு கையில் குடையும் மறு கையில் அகப்பையுமாக நின்று அவள் குழம்பு துழாவியதை நான் பார்த்திருக்கிறேன். (பார்த்துவிட்டு உப்புக் கொஞ்சம் குறைவு என்றும் சொல்லியிருக்கிறேன்.) அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மழைக்கு நனையாத ஒரு குசினி.

ஓய்வுபெற்றதும் சாவகச்சேரியில் எங்கள் பழைய வீட்டோடு ஒட்டி அதைக் கட்டத் தொடங்கினேன். வீட்டுக் கூரை ஒரு பக்கம் சரிய, குசினிக் கூரை இன்னொரு பக்கம் சரிய, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு மூலைப்பள்ளம் வந்தது. இரண்டு கூரையின் மழையும் அந்தப் பள்ளத்தில் பதித்த தகரப் பீலி வழியாகத்தான் இறங்க வேண்டும். பீலியின் இரு கரையிலும் ஓடுகளைச் சாய்வாக வெட்டி அடுக்க வேண்டும். ஓடுகளைத் தாங்குவது சிலாகைகள் என்கிற மரப்பட்டிகள். சிலாகைகளைத் தாங்கியது என் கையெழுத்து.

மரக்காலையிலிருந்து அவை வந்த அன்று, முறைப்படி பத்துக்கு ஒன்றை உருவி, அடிமட்டம் வைத்துத் தடிப்பு அளந்தேன். எல்லாம் ஒரே அளவு. (கட்டின் மேல்வரிசையிலிருந்து மட்டும் உருவினேன். குனிந்தால் இடுப்புப் பிடிக்கும்.)

சிலாகை அடித்து ஓடு அடுக்கத் தொடங்கிய தச்சர் அருளர், அடுத்த கிழமை கூரையிலிருந்து இறங்கி வந்தார்.

"சேர், சிலாகை ஒண்டு தடிப்பு, ஒண்டு மெல்லிசு. மற்ற இடத்திலை சமாளிக்கலாம். மூலைக்கை வெட்டின ஓடு குந்துதில்லை. தொட்டால் ஆடுது."

"நான் அளந்துதானே எடுத்தனான்?"

"எத்தினையை?"

"பத்துக்கு ஒண்டு."

அருளர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "மழை பத்துக்கு ஒரு துளியே விழும், சேர்?"

மூலைச் சிலாகைகளைக் கழற்றி, மேலிருந்து கீழே நூல் பிடித்து, தடித்ததைச் சீவி, மெல்லியதற்கு அடியில் பலகைச் சிம்பு வைக்க நாலு நாள் கேட்டார். ஆனால் புதுக் குசினியில் பால் காய்ச்ச ஐயர் குறித்துத் தந்த நாள் மறுநாள். ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது.

"ஆடுற ஓட்டுக்குக் கீழை சீமெந்தைத் திணியும் அருளர். ஆடாது."

"ஓடு ஆடாது, சேர். தண்ணியும் ஓடாது."

எனக்கே பாடம் எடுக்கிறாரே என்று கோபம் வந்தது. திணிக்கச் சொன்னேன். சீமெந்து பீலிக்குள்ளும் வழிந்து இறுகியது. கீழிருந்து பார்க்க வெகு நேர்த்தியாக இருந்தது.

பவளம் வந்து அண்ணாந்து பார்த்தாள். "இஞ்சாருங்கோ, மெய்யா ஒழுகாதே?"

"ஒரு துளி விழாது. நீர் பயப்படாமல் அடுப்பை மூட்டும்."

நம்பினாள். இன்றைக்கும் எனக்கு உறைப்பது அதுதான்.

மறுநாள் காலை வெயில். சுபநேரம் நெருங்க, ஐப்பசி வானம் இருண்டது. முறைப்படி அக்கினி மூலையில்தான் அடுப்பு. அதற்கு நேர் மேலேதான் மூலைப்பள்ளம். கூறைச்சேலை உடுத்திருந்த பவளம் புதுப் பானையில் பாலை வார்த்து நெருப்பை மூட்டியதும் மழை கொட்டியது. போக வழியில்லாத தண்ணீர் பீலியில் ஏறி நின்று, ஓட்டுக்குள்ளால் புகுந்தது. முதல் துளி என் வழுக்கையில் விழுந்தது. அடுத்தது துளியல்ல, பைப்பைத் திறந்துவிட்டது போல நேராகப் பால் பானைக்குள் இறங்கியது. இன்னும் சூடேறாத பால் விறுவிறென்று உயர்ந்து, விளிம்பு தாண்டி நாலு பக்கமும் வழிந்தது. அடுப்பு 'உஸ்' என்று அணைந்தது.

சனம் கூரையை அண்ணாந்து பார்த்தது. கண்பார்வை மங்கிய என் பெரியக்கா மட்டும் கை தட்டினார்.

"எடி பவளம், பால் பொங்கீட்டுதடி! நாலு பக்கமும் பொங்கீட்டுது!"

நான் பவளத்தின் முகத்தைப் பார்த்தேன். கூறைச்சேலை தொப்பலாக நனைந்திருந்தது. அவள் பானையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"ஓம் மச்சாள், பொங்கீட்டுது. கொதிக்கத்தான் இல்லை."

முதலில் சிரித்தது அவள்தான். பிறகு வந்திருந்த அத்தனை பேரும். சிரித்து முடித்து, சேலைத் தலைப்பால் என் தலையைத் துவட்டிவிட்டாள். ஆனால் பழைய அடுப்படிக்குப் போகும்போது குடையை நான் பிடிக்கக் கை நீட்டினேன், தரவில்லை. தானே பிடித்துக்கொண்டு போனாள்.

அன்று பின்னேரமே அருளர் வீட்டுக்குப் போனேன். "அருளர், பிழை என்ரை."

"தெரியும், சேர். நாளைக்கு வாறன். ஏணியைப் பிடிக்க ஆள் வேணும்."

நாலு நாள் ஏணியைப் பிடித்தேன், நூலின் ஒரு முனையைப் பிடித்தேன், உடைத்த சீமெந்தை அள்ளினேன். ஒவ்வொரு சிலாகையையும் அளந்தோம். பத்துக்குப் பத்து.

அதற்குப் பிறகு பல மாரி போய்விட்டது. ஒரு துளி விழவில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் சத்தம் பெரிதாகவும் காரியம் சிறிதாகவும் முடிந்த எதற்கும், பள்ளிக்கூடச் சோதனை முடிவானாலும் கலியாணப் பேச்சானாலும், "பொங்கீட்டுது, கொதிக்கேல்லை" என்பதுதான் தீர்ப்பு. இங்கே மழை என்று கேள்விப்பட்டால் லண்டனிலிருந்து மகன் போன் எடுப்பான்: "அப்பா, இண்டைக்குப் பொங்கினதோ, கொதிச்சதோ?"

இவ்வளவுக்குப் பிறகும் மழை இருட்டினால் பவளம் அந்த மூலைக்குக் கீழே ஒரு சட்டியைக் கொண்டுபோய் வைக்கிறாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்: "ஒழுகாதெண்டு தெரியும்தானே? பிறகேன் உது?"

"ஒழுக்குக்கு இல்லையப்பா. சட்டி வைக்காட்டில், நீங்கள் மழைக்கை ஏணி வைச்சு ஏறிப் பாக்கப் போவியள்."

மழை விட்டதும் சட்டியைத் தூக்கி வந்து என் முன்னால் நீட்டுவாள். நான் உள்ளே விரலை விட்டு, அடிவரை தடவிப் பார்த்து, "காய்ஞ்சு கிடக்கு" என்பேன். அதன் பிறகுதான் தேநீருக்குத் தண்ணீர் வைப்பாள்.