மாலை போட்ட ஆம்ப்ளிஃபயர்

சந்தனப் பொட்டு வைத்த எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் நான் கொஞ்சம் ஒதுங்கித்தான் நடப்பேன். பக்தி இல்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். பக்தியோடு பெருமையும் கொஞ்சம் கூடிப்போனதால் வந்த வினை அது.

இரண்டாயிரங்களின் நடுவில் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் இன்ஜினீயராக இருந்தேன். கேபிள் டிவிக்காரர்களுக்கு ஆம்ப்ளிஃபயர் செய்வோம். கண்ணாடி இழை வழியாக வரும் ஒளி தூரம் போகப் போகச் சோர்ந்துவிடும். அதற்கு லேசரால் தெம்பு ஏற்றும் பெட்டி. காவேரிப்பட்டினத்து மாந்தோப்பை விற்று முதலாளி ஆரம்பித்த கம்பெனி. முடி போன்ற இழைகளை ஒட்டவைக்க இருபது பெண்கள் இருந்தார்கள். அவர்களில் கைதேர்ந்தவள் என் அக்கா. அவள் சொல்லித்தான் எனக்கு அந்த வேலையே கிடைத்தது. (மார்க் ஷீட்டை நம்பியிருந்தால் கிடைத்திருக்காது.)

பெங்களூரிலிருந்து ஒரு பெரிய கம்பெனி, எங்கள் பெட்டி தங்கள் பேட்டன்ட்டை மீறுகிறது என்று வழக்குப் போட்டது. எங்கள் வக்கீல் நிலப் பத்திரத்தில் எல்லை பார்ப்பதுபோல அதை வரிவரியாகப் படித்தார். அவர்கள் உரிமை கோரியது, இழையின் இரண்டு முனைகளிலிருந்தும் லேசர் பாய்ச்சும் முறைக்கு. எங்களுடையதில் ஒரு முனையில் மட்டும்தான் லேசர். அவர்கள் எழுதியதில் ஒரே ஒரு அம்சம் நம்மிடம் இல்லாவிட்டாலும் நாம் எல்லைக்கு வெளியே என்றார் வக்கீல். கோர்ட் அனுப்பும் கமிஷனர் வந்து பார்த்து, ஒற்றை லேசர்தான் என்று எழுதிப்போனால் கம்பெனி பிழைக்கும். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார். (என்னை அவருக்கு நன்றாகத் தெரியும்.)

கமிஷனர் வந்தார், கூடவே எதிர்த்தரப்பு இன்ஜினீயரும். பத்துப் பெட்டிகளைத் திறந்து காட்டினேன். எல்லாம் ஒற்றை லேசர். கமிஷனர் பேனாவை மூடிவிட்டார். வாசலுக்குப் போகும்போது எதிர்த்தரப்பு ஆள் சாமி படத்தின் அடியில் இருந்த பெட்டியைக் காட்டிக் கன்னடத்தில், "இதேனு?" என்றார், இது என்ன என்று.

ஆயுத பூஜைக்கு, அந்த வருஷம் செய்ததிலேயே சிறந்த பெட்டியைச் சாமி படத்தின் கீழே வைத்து, பொட்டிட்டு மாலை போடுவது எங்கள் கம்பெனி வழக்கம். அடுத்த பூஜை வரை யாரும் அதைத் தொடமாட்டார்கள். அந்த வருஷப் பெட்டி நான் செய்தது. விற்பதற்கல்ல, என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட, ஒன்றே ஒன்று.

ஏதோ பூஜைச் சாமான் என்று சொல்லிவிட்டு நடந்திருக்கலாம். என் கன்னடத்தைக் காட்ட வாய்ப்புக் கிடைத்துவிட்டதே. இதுதான் எங்களிடம் பவர் கூடியது, நானே செய்தது என்று கன்னடத்திலேயே பீற்றிக்கொண்டேன். அதோடு நிற்காமல், மாலையை விலக்கி மூடியையும் கழற்றினேன். இரண்டு முனையிலும் லேசர். குங்குமம் வேறு.

கமிஷனர் மறுபடி பேனாவைத் திறந்தார்.

விற்காத ஒற்றைப் பெட்டி என்று வக்கீல் எவ்வளவோ வாதாடினார். கும்பிடுகிற சரக்கையா விற்காமல் இருப்பார்கள் என்று கேட்டது எதிர்த்தரப்பு. எங்கள் பெட்டிகளை விற்கக் கோர்ட் தடை வந்தது. வழக்கு முடியும்வரை தாக்குப்பிடிக்க முதலாளியிடம் இன்னொரு மாந்தோப்பு இல்லை. கம்பெனியை மூடினார். என்னைத் திட்டவில்லை.

"அன்னிக்கி உனக்கு லீவு குடுத்திருக்கணும்பா. என் தப்புதான்" என்றார். திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

அக்கா இப்போது கம்பெனி பஸ் பிடித்து கர்நாடகப் பக்கம் போய், ஒரு கார்மென்ட்ஸில் காலர் தைக்கிறாள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நான் சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்ததும், "இருடா தம்பி, வக்கீல ஒரு வார்த்த கேட்டுட்டுப் பொட்டு வை" என்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டில் இருக்கும் அவளுடைய தையல் மிஷினுக்குப் பொட்டு வைக்க மட்டும் இன்றுவரை அவள் என்னை விட்டதில்லை.