மரியாதை தெரிந்த முள்

நடுநிலைமைக்கு உலகத்தில் எங்காவது சிலை வைப்பார்களானால், எங்கள் விமான நிறுவனத்தின் விசாரணைக் குழுவை அப்படியே உட்காரவைத்துச் செதுக்கிக்கொள்ளலாம். மொத்தம் ஆறு பேர். அறிக்கை எழுதும் பாக்கியம் எனக்கு.

வழக்கு இதுதான். காலை விமானம் ஒன்றில் திசைகாட்டும் முள் திடீரென்று பதினோரு டிகிரி விலகியது. விமானியும் முள்ளை நம்பி, யாரும் கூப்பிடாத ஒரு ஊரை நோக்கிப் பயபக்தியுடன் போய்க்கொண்டிருந்தார். தரையிலிருந்து சத்தம் போட்டுத் திருப்பினார்கள். யாரோ பேசிய போன்தான் முள்ளைக் கெடுத்தது என்று சந்தேகம். பயணிகளின் போனை அணைக்க வைக்காத குற்றத்துக்காகப் பணிப்பெண்ணுக்கு வேலை போகும் நிலைமை. எல்லாரையும் அணைக்கச் சொன்னதாகவும், முதல் வரிசையில் ஒருவர் மட்டும் "நான் யார் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்ந்ததாகவும் அவர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த ஒருவர் யார் என்று குழு கேட்கவில்லை. கேட்பது பண்பாகாது. அவர்தான் எங்கள் இயக்குநர். குழுவின் தலைவரும் அவரே.

"விஞ்ஞானபூர்வமாக" சோதிப்பது என்று முடிவாயிற்று. நிறுத்திவைத்த விமானத்தில் ஏறினோம். இயக்குநர் வழக்கம்போல் முதல் வரிசையில், விமானி அறையை ஒட்டி அமர்ந்தார். அறைக் கதவைத் திறந்துவைத்து விமானி முள்ளைக் கவனிக்க, நாங்கள் பயணிகள் கொண்டுவரும் சாமான்களை ஒவ்வொன்றாக முடுக்கினோம். மடிக்கணினிக்கு அசைவில்லை. காதுகேட்கும் கருவிக்கும் இல்லை. சவர மிஷினுக்காகப் பாதுகாப்பு அதிகாரி தம் மீசையில் பாதியைத் தியாகம் செய்தார், அதற்கும் அசையவில்லை. பேசும் பொம்மை ஒன்று "அம்மா, பசிக்குது" என்று நாற்பது தடவை சொல்லிப் பார்த்தது. முள் மனம் இரங்கவில்லை.

அப்போது இயக்குநரின் போன் அடித்தது. வீட்டம்மா. குளியலறைக் குழாய் ஒழுகுவது பற்றிய பேச்சு. முள் பதினோரு டிகிரி திரும்பியது. அவர் போனை வைத்ததும் நேரானது. மறுபடி அடித்தது, மறுபடி திரும்பியது. நாங்கள் ஐந்து பேரும் ஜன்னல் வழியாக வானிலையை ஆராய்ந்தோம்.

"சார், முள்ளு..." என்று இழுத்தார் விமானி.

"முள்ளுக்கு என்ன?" என்றார் இயக்குநர்.

பாதி மீசையோடு எழுந்து பாதுகாப்பு அதிகாரிதான் குழுவின் மானத்தைக் காப்பாற்றினார். "ஒண்ணுமில்ல சார். உங்க குரலக் கேட்டு மரியாதைக்குத் திரும்பியிருக்கு."

இயக்குநர் சற்று யோசித்தார். "இருக்கும்," என்றார் அடக்கமாக.

அறிக்கையில் இதை "மரியாதை நிமித்தமான அசைவு" என்று நான் எழுதியதை எல்லாரும் பாராட்டினார்கள். ஆக, போனும் குற்றமற்றது, முள்ளும் குற்றமற்றது. ஓர் இரும்புத் துண்டுக்குத் தெரிந்த பணிவுகூடத் தெரியாமல், பெரியவர்களிடமே போய் அணைக்கச் சொன்ன பணிப்பெண்ணை வேலையிலிருந்து நீக்குவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

உத்தரவை வாங்க அவர் என் மேசைக்கு வந்தார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினேன். நின்றபடியே முழுவதும் படித்தார்.

"சோதனை நடந்தப்போ நீங்களும் அங்கதானே சார் இருந்தீங்க?"

"இருந்தேம்மா."

"போன் நின்னதும் முள்ளு நேராயிடுச்சுன்னு விமானி சொன்னாரு. நீங்க எப்ப சார் நேராவீங்க?"

அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினேன்.