உதைக்காத கால்

நான் யாருக்கும் பயந்தவன் அல்ல. பென்சில்வேனியா மலையில் கரடியை நேருக்கு நேர் பார்த்தவன். (கரடி என்னைப் பார்க்கவில்லை. அது வேறு விஷயம்.) அப்படிப்பட்ட நான் ஒரு ஆகஸ்ட் மாதம் சபதம் எடுத்தேன். கால் அங்குல வாயுள்ள துப்பாக்கி ஒன்றை வாங்கியே தீருவது. என் மனைவி வெர்னா குறுக்கே படுத்தாலும் சரி!

ஏற்கெனவே என்னிடம் இரண்டு உண்டு. ஒன்று பொடிசு. தோட்டத்தில் வளை தோண்டும் பெருச்சாளி மாதிரியான கிரவுண்ட்ஹாக்குக்கு ஆகும், மானுக்குப் பற்றாது. இன்னொன்றின் வாய் அங்குலத்தில் நூற்றுக்கு முப்பது பங்கு, அதனால் 'முப்பது' என்போம். அதில் சுட்டால் மான் விழும், கூடவே என் தோளும் கழன்று விழும். கால் அங்குலம் மட்டும்தான் இரண்டு வேட்டைக்கும் ஆகும். லேசான குண்டு போட்டால் கிரவுண்ட்ஹாக், கனமான குண்டு போட்டால் மான். இதைவிட நியாயமான ஆசை உலகத்தில் உண்டா?

பக்கத்து வீட்டு டெல்மர் சிரித்தான்.

"கால் அங்குலமா? காலை வெச்சு மானைச் சுடப் போறியா, இல்ல உதைக்கப் போறியா?"

"முப்பதுதான்டா உதைக்கும். உலகத்துலயே உதைக்காத கால் இது ஒண்ணுதான்!"

"வெர்னாகிட்ட சொல்லிட்டியா?"

"எதுக்குச் சொல்லணும்? நான் ஆம்பளை."

"அப்ப எப்படி வீட்டுக்குள்ள கொண்டு போவே?"

"அவ பொறந்தநாள் பரிசுன்னு."

எங்கள் பக்கத்தில் இது பழைய தந்திரம். உதைக்காத துப்பாக்கி என்றால் மனைவிக்குப் பரிசு. காகிதத்தைப் பிரிக்கும் வரைக்கும் அது அவளுடையது. பிறகு புருஷனுடையது. எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் பலித்திருக்கிறது.

பிறந்தநாளன்று வெர்னா பெட்டியைத் திறந்தாள்.

"எனக்கா?"

"உனக்கேதான் கண்ணு. தோள்ல பூ வெச்ச மாதிரி இருக்கும்."

"அப்புறம் நீங்க எடுத்துக்க மாட்டீங்களே?"

"சேச்சே!"

"டெல்மர், நீதான் சாட்சி."

கேக்கைத் தின்றுகொண்டே தலையாட்டினான் துரோகி.

மறுநாள் காலை கொல்லைப்பக்கம் 'டப்' என்றது. பனியனோடு ஓடினேன். வெர்னா பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். பீன்ஸ் பாத்தியில் ஒரு கொழுத்த கிரவுண்ட்ஹாக் மல்லாந்து கிடந்தது.

"ஒரே தோட்டாவா?"

"ரெண்டாவது எதுக்கு?"

எனக்கு வயிறு எரிந்தது. ஆசைப்பட்டது நான், அனுபவிப்பது அவள்!

"ஒரு நாளைக்கு அதை எனக்குக் குடேன், வெர்னா."

"என் தையல் மெஷினை என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"இதையும் கேக்காதீங்க."

நவம்பரில் இடி விழுந்தது. வெர்னா வேட்டை லைசென்ஸ் வாங்கி வந்துவிட்டாள். மான் சீசன் தொடங்குகிற திங்கட்கிழமை அவளும் வருகிறாளாம், அதே துப்பாக்கியோடு. நான் பொங்கி எழுந்தேன். என் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. அந்தத் தோட்டா எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்காது. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் மறுபடி மருந்து நிரப்பிக் குண்டு பொருத்துவது நான்தான், நிலவறையில், என் கையால்.

"இனிமே ஒரு தோட்டா அடைக்க மாட்டேன்! துப்பாக்கி உன்னுது, தோட்டா என்னுது!"

"அப்படியா?"

"அப்படித்தான்! திங்கக்கிழமை மட்டும் துப்பாக்கிய எங்கிட்ட குடு, அடைச்சுத் தரேன்."

"யோசிச்சுச் சொல்றேங்க."

யோசிக்கட்டும். மூன்று வாரம் மீசையை முறுக்கினேன். எனக்கு மீசை கிடையாது. இருந்தாலும் முறுக்கினேன்.

ஞாயிறு மத்தியானம் அவள் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, கீழேருந்து பீட்ரூட் ஊறுகாய் ஜாடி ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

நிலவறை அலமாரியில் பீட்ரூட், பீன்ஸ், பீச் பழம் என்று ஜாடிகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் இரண்டு ஜாடிகள் பளபளத்தன. வெர்னாவின் குண்டு குண்டான கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. 'கிரவுண்ட்ஹாக், செப்டம்பர்.' 'மான், அக்டோபர்.' உள்ளே கழுத்து வரைக்கும் தோட்டா!

ஊறுகாயை மறந்து மேலே ஓடினேன்.

"யாருடி அடைச்சது?"

"நான்தான். தோட்டா அடைக்கற உங்க மெஷின், மருந்து அளவு போட்ட உங்க புஸ்தகம். நீங்க மத்தியானம் தூங்கறப்போ."

"அளவு தப்பினா வெடிச்சுடும்!"

"முப்பது வருஷமா கேக்குக்கு மாவு அளக்கறவ நான். நீங்க அடைச்சதையும் நிறுத்துப் பாத்தேன். ஒண்ணுகூட இன்னொண்ணு மாதிரி இல்ல."

நான் வேலைநிறுத்தம் அறிவித்தது நவம்பரில். அவள் செப்டம்பரிலேயே தொழிற்சாலை திறந்துவிட்டாள்!

அதற்காக மண்டியிடுவேனா? முப்பதைத் தோளில் மாட்டிக்கொண்டு திங்கட்கிழமை காட்டுக்குப் போனேன். எட்டு மணிக்கு என் எதிரே வந்து நின்றது ஒரு கலைமான். கொம்பில் எட்டு முனை. குறி பார்த்தேன். உதை வரப்போவது தோளுக்குத் தெரியுமே, கண் தானாக மூடிக்கொண்டது. 'டமார்!' கண்ணைத் திறந்தால் மான் ஓடிக்கொண்டிருந்தது, வெர்னா உட்கார்ந்திருந்த பக்கமாக. அங்கிருந்து சின்னதாக ஒரு 'டப்'. அவ்வளவுதான்.

வேட்டைக் குடிலில் ஊரே கூடிவிட்டது. எதிரே வந்த மானைத் தவறவிட்டவனின் சட்டையின் பின்பக்கத் தொங்கலை அறுத்து, பெயர் எழுதிச் சுவரில் ஆணி அடித்து மாட்டுவது எங்கள் வழக்கம். நான் அசைவேனா?

"காத்து திரும்பிடுச்சு! மரம் மறைச்சுது! மான் குனிஞ்சுது! இது புதுச் சட்டை, எவனாவது தொட்டா நடக்கறதே வேற!"

டெல்மர் கத்தியை எடுத்தான். வெர்னாவின் மானை உரித்ததில் அது மழுங்கிப்போயிருந்தது. என் கம்பளிச் சட்டையில் வைத்து இழுத்து இழுத்துப் பார்த்தான், ஒரு நூல்கூட அறவில்லை. நான் நெஞ்சை நிமிர்த்தினேன். தர்மம் வென்றது!

"கொஞ்சம் தள்ளு, டெல்மர்" என்று கோட்டுப் பைக்குள் கைவிட்டாள் வெர்னா.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே கத்தரிக்கோலை எடுத்து வைத்திருக்கிறாள்.