செருப்பை மட்டும் கழற்றச் சொன்னவன்

எங்கள் ஊரே நாற்பது நாள் வண்டித் தண்ணீர் குடித்ததற்கு நான்தான் காரணம். இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை. (இருந்த வெட்கமெல்லாம் அன்றைக்கே செலவாகிவிட்டது.)

எழுபதுகளின் நடுவில், ஒரு பங்குனி மாதம். வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று பழைய வேனில் காரைக்குடிப் பக்கம் வந்து சேர்ந்தது. அடுப்பு, படுக்கை, கூடாரம் எல்லாம் வண்டிக்குள்ளேயே. வழியெல்லாம் மரத்தடியில் தங்கித் தங்கி ராமேஸ்வரம் போகிறார்களாம். இதைக் கேட்டறிந்தவன் நான். பி.யூ.சி.யில் ஆங்கிலம் மட்டும் தேறியவன் (மற்ற பாடங்களைக் கேட்காதீர்கள்). ஊரில் அந்தப் பெருமையை வைத்துத்தான் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரணிக்கரை ஆலமரத்தடியில் கூடாரம் போடச் சொன்னேன். ஊரணி, குடிதண்ணீருக்கு மட்டும். குளிப்பது, துவைப்பது என்ற பேச்சே கிடையாது. கரையில் செருப்போடு ஏறினால்கூடத் திட்டு விழும். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தாய்மாமாவுக்கு. அவர் மகள் வள்ளிமயிலை எனக்குக் கொடுப்பதா, சிவகங்கையில் சர்க்கார் உத்தியோகம் பார்க்கும் ஒருவனுக்குக் கொடுப்பதா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம் வேறு.

"மாப்ள, தண்ணிக்கு ஒண்ணும் ஆயிறாதுல்ல?" என்றார்.

"என் பொறுப்பு மாமா!"

மறுநாள் ஊர் சுற்றிக் காட்டக் கிளம்பினேன். கானாடுகாத்தானில் தெரிந்தவர் காவலிருந்த பெரிய வீடு ஒன்றில் நுழையும்போதே, "நோ ஸ்லிப்பர்!" என்று அதட்டினேன். இருவரும் பதறிக் கழற்றினார்கள். உள்ளே சுவரின் வழுவழுப்பை அந்தம்மா தடவித் தடவிப் பார்த்தார். முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசியது என்று விளக்க எண்ணி, "எக், எக்" என்றேன். எனக்குப் பசி என்று நினைத்து, பாவம், பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். தின்றேன். இளையாத்தங்குடிக் கோயிலிலும் "நோ ஸ்லிப்பர்!" காரைக்குடியில் காப்பிக்கடைக்குப் போனபோது நான் சொல்லாமலே வாசலில் கழற்றிவிட்டார்கள்.

"அட, நம்ம கடைக்கு இம்புட்டு மரியாதையா!" என்று கடைக்காரர் காப்பியை இன்னும் ஓர் ஆற்று ஆற்றிக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் ஊரணிக்கரையில் அவர்களை இறக்கிவிட்டு, "குட் வாட்டர். நோ ஸ்லிப்பர்!" என்று கடைசி உத்தரவும் போட்டேன். பயபக்தியோடு தலையாட்டினார்கள். குளிக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. குடிக்கிற தண்ணீரில் எவனாவது இறங்குவானா?

மாமா வீட்டில் உட்கார்ந்து என் சாமர்த்தியத்தை அளந்துகொண்டிருந்தேன். கரையிலிருந்து பெண்களின் சத்தம் கேட்டது. "அடி ஆத்தே! ஓடியாங்க!"

ஓடினோம். கரையில் இரண்டு ஜோடிச் செருப்புகள், வரிசை பிசகாமல். ஊரணி நடுவில் இரண்டு தலைகள். சுற்றிலும் சோப்பு நுரை. என்னைக் கண்டதும் வெள்ளைக்காரர் கையைத் தூக்கி, முகமெல்லாம் சிரிப்பாக, "நோ ஸ்லிப்பர்!" என்று கத்தினார்.

குடத்தோடு நின்ற பெண்கள் பாதிப் பேர் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். (விரலிடுக்கு வழியாகப் பார்த்தார்கள்.) மாமா என்னைப் பார்த்த பார்வையில், சர்க்கார் மாப்பிள்ளைக்குப் பத்திரிகையே அடித்துவிட்டது போலிருந்தது. வள்ளிமயில் மட்டும் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்:

"ஏன் மச்சான், செருப்ப மட்டுந்தான் கழட்டச் சொன்னீகளோ?"

விஷயம் புரிந்ததும் அந்தம்மா அழுதேவிட்டார். இருவரும் பயணத்தை நிறுத்தி, இரண்டு நாள் தங்கள் வேனிலேயே தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து வீடு வீடாக இறக்கினார்கள். கண் கலங்கித்தான் வழியனுப்பினோம். அதற்குப் பிறகு மாட்டுவண்டி, பீப்பாய், நான். கோடை மழை பெய்து ஊரணி நிறைகிற வரை தண்ணீர் கொண்டுவந்தேன். மாமா வீட்டுக்கு மட்டும் தினமும் இரண்டு குடம் கூடுதல்.

நாற்பதாம் நாள் மழையில் தொப்பலாக நின்றவனிடம் மாமா துண்டை நீட்டினார். "சிவகங்கைக்காரகளுக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன் மாப்ள. கேட்டா, வண்டிக்காரரத்தான் கட்டுவேன்கிறா." அப்படியே வண்டி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

இன்றைக்கும் வீட்டில் நான் எதற்காவது "என் பொறுப்பு" என்று வாயெடுத்தால், பேரன் பேத்திவரை ஒரே குரலில் "நோ ஸ்லிப்பர்!" என்று கத்துகிறார்கள். வள்ளிமயில் கத்துவதில்லை. எழுந்துபோய்க் குடிதண்ணீர்க் குடத்தை மூடிவைத்துவிட்டு வருகிறாள்.