கைலாசத்தைக் கரைத்த மாமாவுக்கு

திண்டிவனம்,
மாசி மாதம், 1939

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய சுப்பராயலு மாமாவுக்கு, உங்கள் அக்காள் மகள் குப்பம்மாள் விழுந்து கும்பிட்டு எழுதுவது. இங்கு என்னைத் தவிர எல்லோரும் சுகம். அம்மா தூங்கிய பிறகு விளக்கைத் தணித்து வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள். திட்ட வேறு காரணம் இருக்கிறது.

உங்கள் கல்யாணம் நின்றுவிட்டது. நிறுத்தியவள் நான்.

பள்ளிக்கூடத்தில் விவாதக் கூட்டம். உலகம் சூடாகிப் பனிமலைகள் உருகுவது மனிதனாலா, இயற்கையாலா என்பது தலைப்பு. சீமையில் யாரோ கரிப்புகைதான் காரணம் என்று சொன்னதாக டீச்சர் பத்திரிகையில் படித்தார்களாம். சீட்டுக் குலுக்கியதில் எனக்குக் கரிப்புகை வந்தது. எதிர்த்துப் பேசிய செண்பகம் எழுந்து, சூரியன்தான் காரணம், அதுவும் உருக ஆயிரம் வருஷம் ஆகும் என்றாள். எனக்கு ரோஷம் வந்து, "எங்க மாமா ரயில் என்ஜின்ல பயர்மேன். விழுப்புரத்துலேர்ந்து திருச்சி போறதுக்குள்ள மலை மாதிரி கரி அள்ளிப் போடறாரு. உலகத்துல இப்படி எத்தனை மாமா!" என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். தன் சின்ன மகள் கடவுள் வாழ்த்துப் பாடுவதைக் கேட்க வந்திருந்த உங்கள் வருங்கால மாமனார் நடராசன் மட்டும் தட்டவில்லை.

நேராக நம் வீட்டுக்கு வந்தார். "பனிமலை உருகினா கைலாசம் இன்னா ஆவறது? ஈஸ்வரன் வூட்டையே கரைக்கிறவனுக்கா எம் பொண்ணு?"

"தாம்பூலம் மாத்தியாச்சுங்களே" என்றார் அப்பா.

"பயர்மேன்னுதானே சொன்னீங்க, இத்தச் சொல்லலியே!"

மறுநாள் நானே அவர் வீட்டுக்குப் போய், சூரியன்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டேன். "நேத்து கரி, இன்னிக்கு சூரியன், நாளைக்கு யாரு, சந்திரனா?" என்று துரத்திவிட்டார். குழாயடியிலோ, "அக்கா பொண்ணு மாமனை வெளிய வுடுமா? தானே கட்டிக்கப் பார்க்குது" என்று சிரிக்கிறார்கள். சத்தியமாக இல்லை மாமா! எனக்கு உங்கள் மீசையே பிடிக்காது. தண்ணீர் எடுக்கப் போகவே கூசுகிறது. நான் சொன்னது அத்தனையும் பொய் என்று ஊரறியச் சொல்லத் தயார். மன்னித்துவிடுங்கள்.

உங்கள் கண்ணில் கரித்தூள் விழாமல் அங்காளம்மன் காக்க வேண்டும்.

தலை நிமிராத,
குப்பம்மாள்

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் செய்தி வந்தது. கல்யாணப் பெண் லட்சுமி அக்கா, "பொகை பாவம்னா நம்ம அடுப்புப் பொகை மட்டும் புண்ணியமாப்பா?" என்று கேட்டு அடுப்பையே மூட்டவில்லையாம். மத்தியானம் பட்டினியோடு தாக்குப்பிடித்த அவள் அப்பா, சாயங்காலம் கல்யாணத்துக்குச் சம்மதித்துவிட்டார். அக்கா என்னைக் கூப்பிட்டு, "நீ மேடையில சொன்னது நெசமாடி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ஆனால் நிஜம்தான் என்று தோன்றுகிறது, மாமா. நீங்கள் கொஞ்சம் கரி குறைத்துப் போடுங்கள்.